நிறம் குறித்த ஒரு திருத்தம்

என் வேலை மூன்று பொத்தான்கள்.
பச்சை: பேசலாம்.
மஞ்சள்: இன்னும் முப்பது நொடி.
சிவப்பு: போதும், நன்றி.
மாநிலச் சட்டமன்றத்தில்
போக்குவரத்துக் குழு கூடும் அறையில்
பதினோரு குளிர்காலமாக
அடுத்தவர் வாயை மூடிச் சம்பளம் வாங்குகிறேன்.

அன்றைக்கு வந்தது ஒரே பக்க மசோதா.
சாலையோரம் சிவப்போ நீலமோ சுழலும் வண்டி நின்றால்
ஒரு தடம் விலகு, முடியாவிட்டால் வேகத்தைக் குறை.
அது பழைய சட்டம்.
அதில் ‘மஞ்சள்’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும்.
அவ்வளவுதான்.
இழுவை லாரிக்காரர்களுக்கு நாம் கொடுத்திருப்பது
மஞ்சள்தானே.

ரோந்துப் படையிலிருந்து கேப்டன் கெஸ்லர் வந்தார்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
எண்களாகச் சொன்னார்.
பச்சையிலேயே முடித்துவிட்டார்; பழகியவர்.
பிறகு கால்நடை லாரிச் சங்கத்து ஆள்:
வண்டி நிறைய உயிருள்ள மாடுகளை வைத்துக்கொண்டு
பனிக்கட்டி மேல் தடம் மாறச் சொல்கிறீர்களே,
உங்களில் யாராவது மாறியிருக்கிறீர்களா?
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

மஞ்சளுக்குள் ஆரஞ்சு அடங்குமா
என்று ஓர் உறுப்பினருக்குச் சந்தேகம்.
அதற்குப் பதினான்கு நிமிடம் போயிற்று.
உறுப்பினர்களுக்கு விளக்கு கிடையாது.

பட்டியலில் கடைசிப் பெயர் டார்லீன் ஆஷ்பாக்.
கணவனின் வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.
கை நுனிகளை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள்.
நெஞ்சுப் பட்டையில் என் பச்சை விளக்கு மின்னியது.
‘லானி அன்றைக்கு இழுக்கப் போனது ஒரு குதிரை டிரெய்லர்’
என்று ஆரம்பித்தாள்.
குதிரையின் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள்,
குதிரை பிழைத்துக்கொண்டதைச் சொன்னாள்,
அதன் சொந்தக்காரி இன்றும் ஈஸ்டருக்கு
அட்டை அனுப்புவதைச் சொன்னாள்.
குதிரையை விடு பெண்ணே, விஷயத்துக்கு வா
என்று என் மனசு அடித்துக்கொண்டது.
மஞ்சளைப் போட்டேன்.

அவள் விளக்கையே பார்த்தாள்.
‘இந்த நிறம்தான்’ என்றாள்.

நாற்காலிகள் லேசாகக் கிறீச்சிட்டன.

‘ஒரு மைலுக்கு முன்னாலேயே தெரியும்.
அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது.
வெறும் மஞ்சள்தானே என்று நினைத்தேன்,
கோர்ட்டில் அப்படித்தான் சொன்னான்.
அவன் பொய் சொல்லவில்லை.
இன்னும் ஒன்று, லானி அன்று காலையில்’

சிவப்பு.

என் கட்டைவிரல்தான்.
ஆளுநரின் மைத்துனருக்கும் அதே மூன்று நிமிடம்தான் கொடுத்தேன்,
வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.
அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.
குறிப்பேட்டில் நான் எழுதியது:
டி. ஆஷ்பாக், ஆதரவு.

ஐந்துக்கு நான்கில் குழுவைத் தாண்டியது மசோதா.
அபராதத்தைப் பிடுங்கிவிட்டு
அவையில் நிறைவேற்றினார்கள்.
மீறினால் ஓர் எச்சரிக்கைச் சீட்டு.
கையெழுத்துப் போட்ட பேனா டார்லீனுக்குத் தபாலில் போனது.
உறையில் விலாசம் எழுதியதும் நான்தான்.

மார்ச் கடைசி. சட்டம் அமலுக்கு வர
இன்னும் மூன்று மாதம் இருந்தது.
இரவு வீடு திரும்புகிறேன்,
பனித்தடுப்பு வேலிகளைத் தாண்டி
தார் மேல் புகைபோல ஓடுகிறது பனி.
முன்னால் மஞ்சள்.
இடப்பக்கத்தில் என்னை உரசியபடி ஒரு கால்நடை லாரி,
ஓட்டைகள் வழியே மாட்டு மூச்சு.
விலக இடமில்லை.
பிரேக்கை மிதிக்கப் பயம்.
மிதிக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன்:
சங்கிலியோடு முட்டி போட்டிருந்தான் ஒருவன்.
நான் போன வேகத்தில் அவன் அங்கி உப்பி அடங்கியது.
தலை நிமிரவில்லை. பழகியவன்.

லானி அன்று காலையில்
என்ன செய்தான்?
முட்டையைத் தீய்த்தானா,
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனானா,
போனவன் கையுறை மறந்து திரும்ப வந்தானா?

ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.
விலாசம் மனப்பாடமாக இருக்கிறது.
நாளைக்குப் பத்து மணிக்கு வேறு மசோதா,
பேசப் பதிவு செய்தவர்கள் இருபத்தாறு பேர்.